தேய்க்காத ஊசி

கடையின் ஷட்டர் பாதி ஏறியிருக்கும்போதே அந்தப் பெண் குனிந்து உள்ளே வந்துவிட்டாள். ஒரு கையில் அட்டைப் பெட்டி. இன்னொரு கையில் நாலாக மடித்த கடிதம். பத்து விரலில் ஆறில் பிளாஸ்திரி.

"சுவர்க் கடிகாரம் மறுபடி நின்னுபோச்சா?" என்றார் வாச்சுக்காரர். போன வருடம் அதைப் பழுது பார்த்துக் கொடுத்த ஞாபகம்.

"அது ஓடுது சார். என் பொழப்புதான் நின்னுபோச்சு. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள 'நானா வேலையை விட்டுப் போறேன்'னு கையெழுத்துப் போடணுமாம். இல்லேன்னா போலீஸாம்."

மூலை ஸ்டூலில் இருந்த மச்சான் எழுந்து நின்றுவிட்டான். வாச்சுக்காரரின் மனைவிக்குத் தம்பி அவன். தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். லாரியின் கியர் பெட்டி உடைந்து மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் கடையில் வந்து குந்திக்கொண்டு, படியேறுகிறவர்களை எல்லாம் இவன் திருடன், அவன் பொய்யன் என்று தரம் பிரித்துக்கொண்டிருந்தான். சாயப்பட்டறையில் வருகைக் கடிகாரத்தின் முள்ளைத் திருப்பியது யார் என்று அத்தான் கண்டுபிடித்துச் சொன்ன நாள் முதல், அடுத்தது எப்போது என்று அவனுக்குக் கை அரித்தது.

"உட்காருங்க, உட்காருங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க."

"முதல்ல நீ உட்காரு," என்றார் வாச்சுக்காரர்.

அவள் சொன்னாள். குழந்தைகளுக்கான அறிவியல் பெட்டி கட்டும் கொட்டகையில் ஒன்பது வருடமாக வேலை. பெட்டிக்கு ஆறு சோதனை, இருபது வினா அட்டை, ஒரு புதிர்ப் பலகை. நாலாவது சோதனைக்கு வேண்டிய இரண்டு ஊசிகளைக் காகித உறையில் போட்டு, கோந்து தடவி மூடுவது அவள் பொறுப்பு. அங்கே எல்லோருக்கும் அவள் ஊசியக்கா.

கடிதம் ஒரு பள்ளி ஆசிரியர் எழுதியது. வாச்சுக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். ஒரு ஊசியைக் காந்தத்தால் தேய்த்து, தக்கையில் குத்தித் தண்ணீரில் மிதக்கவிட்டால் வடக்கு பார்த்துத் திரும்பும். தேய்க்காத ஊசி திக்கில்லாமல் கிடக்கும். இதுதான் சோதனை. 'ஆனால் உங்கள் முப்பது பெட்டியிலும் தேய்க்காத ஊசியும் வடக்கு பார்க்கிறது. அப்புறம் எதற்கு சார் தேய்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எனக்குப் பதில் இல்லை. பெட்டிகளைத் திருப்பி அனுப்புகிறேன். நாளைக் காலை அறிவியல் கண்காட்சிக்குள் சரியான ஊசிகள் வராவிட்டால் இனி உங்கள் பெட்டி எங்கள் படியேறாது.'

"ரெண்டு மாசத்துல இது மூணாவது பள்ளிக்கூடம்," என்றாள் ஊசியக்கா. "ஊசியைத் தொடுறது நான் ஒருத்திதான். உறையில கோந்து பிரியவே இல்ல. பிரிக்காத உறைக்குள்ள ஊசி காந்தமா இருந்தா, மூடுறதுக்கு முன்னாடியே யாரோ தேய்ச்சிருக்கணும். மூடுறது யாரு? நான். கணக்கு நேரா என் தலையில வந்து உட்காருது. விரலுக்கு மாட்ட உறை வேணும்னு ரெண்டு தடவை எங்க முதலாளியம்மா டீச்சர்கிட்ட சத்தம் போட்டேன். அந்தக் கோபத்துல வேணும்னே கெடுத்துட்டேனாம்."

"தேய்ச்சியா?"

"ஒரு நாளைக்கு நானூறு உறை சார். மூக்கைத் தேய்க்க நேரமில்ல. ஊசியைத் தேய்ப்பேனா?"

வாச்சுக்காரர் சிரிக்கவில்லை. அவள் கொண்டுவந்த பெட்டி புதிது. மூடிமேல் பச்சை மையில் ஒரு டிக், சுற்றி ஒட்டிய டேப். டேப்பை அறுத்து ஊசி உறையை எடுத்தார். பூதக்கண்ணாடியை வைத்துக் கோந்தைப் பார்த்தார். பிரிந்த தடம் இல்லை. பிளேடால் கீறினார். இரண்டு ஊசிகள் பக்கத்தில் பக்கத்தில், இரண்டின் காதும் உறையின் வாய்ப்பக்கம்.

"எப்பவும் இப்படித்தான் வைப்பியா?"

"ஆமா. முனை வாய்ப்பக்கம் வந்தா மூடும்போது என்னைத்தான் குத்தும்."

பல்சக்கரம் கழுவும் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, தக்கையில் குத்திய ஊசியை விட்டார். யாரும் தேய்க்காத ஊசி. அது மெல்லத் திரும்பி, காதை ஷட்டர்ப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. தட்டிவிட்டார். திரும்பவும் அதே பக்கம். இரண்டாவது ஊசியும் அப்படியே. பிடிவாதக்காரப் பிள்ளைகள் மாதிரி.

"பெட்டிக்குள்ளேயே காந்தம் இருக்கே அத்தான்! பக்கத்துல கிடந்து தொத்திக்கிச்சு. முடிஞ்சுது."

"அது தடிச்ச இரும்பு டப்பாவுல மூடியிருக்கு தம்பி," என்றாள் ஊசியக்கா. "ஒன்பது வருஷமா அப்படித்தான் போகுது. வியாதி வந்தது ரெண்டு மாசமா."

மச்சான் முகம் சுருங்க, பெட்டியிலிருந்து ஒரு வினா அட்டையை உருவிச் சத்தமாகப் படித்தான். "'காந்தத்தின் இழுப்பை எது தடுக்கும்? காகிதம், மரப்பலகை, கண்ணாடி, தடித்த இரும்புத் தகடு.' கண்ணாடிதான்! பதிலைத் தலைகீழா அச்சடிச்சிருக்கான், கழுத்து ஒடியுது."

"கொண்டா இங்க," என்று வாச்சுக்காரர் அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கடையைச் சாத்து. போவோம்."

*

தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. உள்ளே ஒரே ஒரு மின்விசிறி. முதலாளியம்மா முன்பு பள்ளியில் அறிவியல் நடத்தியவர். அதனால் எல்லோருக்கும் டீச்சர். திரும்பி வந்த முப்பது பெட்டிகள் அவர் மேசைமேல் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன.

"நாலு வருஷம் உட்கார்ந்து எழுதினது இது," என்று செய்முறைப் புத்தகத்தை மேசையில் அடித்தார் டீச்சர். "ஒவ்வொரு சோதனையையும் நானே நூறு தடவை செஞ்சு பார்த்திருக்கேன். விடை தப்பா வந்தா பிள்ளைங்க பெட்டியைத் திட்டாது. நமக்குத்தான் புரியலைன்னு ஒதுங்கிடும். அதுதான் வயிறு எரியுது. அஞ்சு மணி வரைக்கும் பாருங்க. கடிகாரம் திறக்கிறவர் இதுல என்னத்தைத் திறப்பீங்களோ."

தட்டச்சு செய்த விலகல் கடிதம் பேனாவோடு தயாராக இருந்தது.

ஊசி வாங்கும் கடையிலிருந்து வந்து பிரிக்காமல் இருந்த கட்டு ஒன்றைப் பிரிக்கச் சொன்னார் வாச்சுக்காரர். பத்து ஊசியை மிதக்கவிட்டார். பத்தும் திக்கில்லாமல் அலைந்தன. ஊசி வரும்போதே கெட்டுவரவில்லை.

மச்சானின் கண் காந்தங்களை டப்பாவில் போடும் மேசைமேல் விழுந்தது. அங்கே இருந்தவளுக்கும் ஊசியக்காவுக்கும் மின்விசிறியைத் திருப்புவதில் தினமும் தகராறு என்று வழியிலேயே கேட்டு வைத்திருந்தான்.

"காந்தம் எல்லாம் உங்க கையிலதானே? ஊசியக்கா அசந்த நேரத்துல..."

"முப்பது அடி தள்ளி உட்கார்ந்திருக்கேன். என் கை என்ன ரப்பரா?" என்றாள் காந்தக்காரி. "எண்ணிப் பாரு. ஒண்ணு குறைஞ்சா என்னைக் கேளு."

எண்ணினான். ஒன்றும் குறையவில்லை. எண்ணி முடித்தபோது முற்பகலும் முடிந்திருந்தது.

அதற்குள் வாச்சுக்காரர் கொட்டகையின் கோடிக்குப் போயிருந்தார். அங்கே அட்டைப் பெட்டிகளை ஆள் உயரம் அடுக்கி, அதன் மறைவில் சுவரைப் பார்த்து ஒரு மேசை. டிக் அண்ணனின் இடம். கட்டிய பெட்டி எல்லாம் அவரிடம் வரும். ஒவ்வொரு பொருளும் உள்ளே இருக்கிறதா என்று பார்த்து, டிக் போட்டு, அந்தக் கையோடு டேப் ஒட்டிவிடுவார். இருபது வருடம் கல்குவாரி, அப்புறம் இங்கே லாரியில் சுமை ஏற்றும் வேலை. இடுப்பு விழுந்ததும் இரண்டு மாதம் முன்பு டீச்சர்தான் அவரைப் பரிசோதனையில் உட்கார வைத்தார்.

"ஊசி உறையை எப்படிப் பார்ப்பாரு?" என்றார் வாச்சுக்காரர்.

"கட்டைவிரலால அழுத்தினா ரெண்டு ஊசியும் நெருடும்," என்றார் டீச்சர். "முன்னாடி நானே பார்த்தேன், அப்படித்தான். உறையைப் பிரிக்கிறதே இல்ல."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார் டிக் அண்ணன். "பக்கத்துல ஆள் இருந்தா எனக்கு எண்ணிக்கை தவறும்." பேனாவில் கட்டைவிரல் கனத்துக்கு ரப்பர் குழாய் சுற்றியிருந்தது.

அவருக்கு இடப்பக்கம் இன்னும் டிக் விழாத பெட்டிகள். வலப்பக்கம் டிக் விழுந்து டேப் ஒட்டியவை. வாச்சுக்காரர் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஐந்து ஐந்தாக எடுத்துக்கொண்டு போனார்.

"டிக் போடாததை ஏன் எடுக்கிறீங்க? அது முடியாத பெட்டி," என்றார் டீச்சர்.

"நீங்க இதுவரைக்கும் எதைச் சோதிச்சீங்க?"

"முடிஞ்ச பெட்டியைத்தான். முடியாததைச் சோதிச்சு என்ன ஆகப்போகுது?"

மாலை நாலு மணிக்குள் பத்து உறையும் பிரிந்துவிட்டன. கோந்து பத்திலும் ஒரே மாதிரி. டிக் இல்லாத ஐந்து பெட்டியின் ஊசிகளும் போக்கிரிகளாக அலைந்தன. டிக் விழுந்த ஐந்திலும் காது வடக்கே.

"ஆஹா!" என்றான் மச்சான். "டிக் விழுந்தப்புறம்தான் கெடுது. கிடங்குக் காவலாளி!"

"டேப் அறுபடல. உறை பிரியல. காவலாளி ஆவியா உள்ள போனானா?"

மச்சான் ஒரு பெட்டியைக் காலால் எத்தினான். "எந்தப் பக்கம் போனாலும் சுவரு. இதுக்கு லாரிக்கு அடியில படுத்துக் கிடக்கலாம் அத்தான்."

டீ வந்தது. கெட்டிலிலிருந்து கொதிக்கக் கொதிக்க எவர்சில்வர் தம்ளரில் ஊற்றினார்கள். மச்சான் சட்டை நுனியால் பிடித்தான். காந்தக்காரி மேசையில் வைத்து ஊதினாள். டிக் அண்ணன் மட்டும் முழுக் கையால் தம்ளரைப் பற்றி நிதானமாகக் குடித்தார். விரல் நுனிகளில் பழைய சூட்டுத் தழும்புகள் பளபளத்தன.

"குடிச்சிட்டு எழுந்திரிங்க, அஞ்சாகப் போகுது," என்றார், கைக்கடிகாரத்தைப் பார்த்து.

சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபது.

"அண்ணன் வாச்சுல நாளைக்கே விடிஞ்சிருக்கும்," என்று காந்தக்காரி சிரித்தாள். "சாவி கொடுக்கிற வாச்சு. அவங்க அப்பாவோடது. முப்பது வருஷமா ஒழுங்கா ஓடினது, ரெண்டு மாசமா குதிரை மாதிரி ஓடுது. சாப்பாட்டு மணி சீக்கிரம் அடிக்கிறாரு, நமக்கென்ன நஷ்டம்?"

வாச்சுக்காரர் தம்ளரைக் கீழே வைத்தார். பாதி டீ அப்படியே இருந்தது.

"மச்சான், கடைக்குப் போ. மேசைக்கு அடியில வயர் வச்ச கருப்புப் பெட்டி இருக்கும். தூக்கிட்டு வா."

"இப்பவா? நீங்க சொல்லப்போற நேரத்துலயா?"

"நீ வந்தப்புறம்தான் சொல்லுவேன். போ."

"என்ன அத்தான், முகம் இப்படி இருக்கு? கண்டுபிடிச்சிட்டீங்கதானே?"

"அதான் எரிச்சல்."

*

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் டீச்சரின் மேசையைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். கருப்புப் பெட்டியோடு ஓடிவந்த மச்சானுக்கு மூச்சு இரைத்தது. ஊசியக்கா கடிதத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊசி வரும்போது நல்லா இருக்கு," என்று வாச்சுக்காரர் தொடங்கினார். "ஊசியக்கா உறையில போட்டு மூடினப்புறமும் நல்லாத்தான் இருக்கு. டிக் இல்லாத அஞ்சு பெட்டி அதுக்குச் சாட்சி. ஆக, அவங்க மேசையில எதுவும் நடக்கல. கெட்டதெல்லாம் டிக் விழுந்த பெட்டி. டேப் ஒட்டினப்புறம் யாரும் திறக்கல. மிச்சம் இருக்கிறது ஒரே இடம். பெட்டி திறந்தும், உறை மூடியும் இருக்கிற அந்த ஒரு நிமிஷம்."

"உறை மூடியிருக்கும்போது எப்படிங்க தேய்க்கிறது?" என்றார் டீச்சர் எரிச்சலோடு.

வாச்சுக்காரர் பையிலிருந்து வினா அட்டையை எடுத்து நீட்டினார். "பின்பக்கம் படிங்க."

டீச்சர் வாங்கினார். தலைகீழாக இருந்ததைத் திருப்பக்கூட இல்லை. அவர் எழுதிய பதில்தானே. "தடித்த இரும்புத் தகடு," என்றார். குரல் இறங்கியது. "காகிதம் தடுக்காது."

"கண்ணாடி இல்லையா?" என்றான் மச்சான்.

"எல்லா ஊசியும் காதை வடக்கே நீட்டுது. ஊசியக்கா காதை ஒரே பக்கமா வைக்கிறாங்க. அதுக்கு மேல யாரோ ஒருத்தர், பலமான காந்தத்தை, எப்பவும் ஒரே பக்கமா இழுத்திருக்காங்க. அதை இந்தப் பெட்டியில வர்ற சின்னக் காந்தத்தால செஞ்சிருந்தா அவர் வாச்சு இப்படி ஓடாது." அவர் டிக் அண்ணனைப் பார்த்தார். "சாவி வாச்சுக்குள்ள மயிர் மாதிரி ஒரு சுருள் இருக்கு. காந்தம் பட்டா அதுல சுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். வாச்சு தறிகெட்டு ஓடும். அண்ணே, மிச்சத்தை நான் சொல்லவா, நீங்களே சொல்றீங்களா?"

டிக் அண்ணன் சாப்பாட்டுப் பையைத் திறந்து, துணி சுற்றிய ஒரு வளையத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பழைய ஸ்பீக்கர் காந்தம். மேசையிலிருந்த குண்டூசிகள் எல்லாம் ஓடிவந்து அதன் மேல் அப்பின.

"உறை மேல வச்சு இழுத்தா ஊசி காகிதத்தைத் தூக்கிட்டு எழும்பும்," என்றார். "ரெண்டு இருந்தா ரெண்டு மேடு. கண்ணால எண்ணிடுவேன். விரல்ல எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல டீச்சர். இருபது வருஷம் பாறையில துளை போடுற மெஷினைப் பிடிச்ச கை. மெஷினை நான் விட்டுட்டேன். அது என் கையை விடல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"தொட்டுப் பார்க்கிற வேலைக்கு, தொட்டா தெரியாதவன்னு எவன் வாய் திறந்து சொல்லுவான்?" அவர் ஊசியக்காவின் பக்கம் திரும்பவில்லை. "இதனாலதான் ஊசி கெடுதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. கோந்துக்கு முன்னாடியே அவ தேய்ச்சிருக்கான்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்பினேன்."

"மேலேர்ந்து கீழ, ஒரே பக்கமாவா இழுத்தீங்க?" என்றார் டீச்சர், ஆசிரியர் குரல் தன்னாலே வந்தது. "ஒவ்வொரு தடவையும்?"

"ஆமா. மாத்தி இழுத்தா ஊசி புரண்டுக்குது."

டீச்சர் செய்முறைப் புத்தகத்தின் நாலாவது சோதனையைத் திறந்தார். 'ஊசியைக் காந்தத்தால் எப்போதும் ஒரே திசையில் தேய்க்கவும்.' இரண்டு மாதமாக ஊரிலுள்ள பிள்ளைகளின் பாடத்தை எல்லாம் இந்த மனிதர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அவர்களுக்கு முன்பே செய்து முடித்திருக்கிறார்.

"இங்க நாலாவது சோதனையை யாராவது செஞ்சு பார்த்திருக்கீங்களா?" என்றார் வாச்சுக்காரர். "ஒரே ஒரு தடவை?"

"பெட்டியைக் கட்டத்தான் சொல்லியிருக்காங்க," என்றாள் காந்தக்காரி. "திறக்கச் சொல்லல."

டீச்சர் புத்தகத்தை மூடினார். எரிச்சல் யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை. கையில் கிடைத்தது கடிதம். "அப்போ இதுல பேரை மாத்தணும்."

"மாத்துங்க," என்றாள் ஊசியக்கா. அன்று காலையிலிருந்து அடக்கி வைத்தது மொத்தமும் வந்தது. "காலையில நானு, சாயங்காலம் அவரு, நாளைக்கு யாரு? விரலுக்கு உறை கேட்டா திமிரு. விரலே போச்சுன்னா கடிதம். உங்க பெட்டியில ஆறு சோதனைதானே இருக்கு டீச்சர்? ஏழாவது எங்க மேலயா?"

தகரக் கூரை சூட்டில் படபடத்தது. டிக் அண்ணன் பேனாவிலிருந்த ரப்பர் குழாயை உருவத் தொடங்கியிருந்தார், சாமான்களைத் திருப்பிக் கொடுக்கிறவர் போல.

"அதை விடுங்கண்ணே," என்று வாச்சுக்காரர் கருப்புப் பெட்டியின் வயரைச் சுவரில் செருகினார். பெட்டி உறுமியது. "வாச்சுல ஏறின காந்தத்தை இறக்கிற பெட்டி. பாருங்க." வடக்கே பார்த்த ஓர் ஊசியை அதன்மேல் வைத்து, மெல்ல விலக்கி எடுத்து, தக்கையில் குத்தித் தண்ணீரில் விட்டார். ஊசி போகிற போக்கில் போனது. தட்டிவிட்டார். வேறு பக்கம் போனது. "உறையோட வச்சாலும் இறங்கும். அண்ணன் தன் காந்தத்தால எண்ணட்டும். எண்ணினப்புறம் உறையை இதுமேல ஒரு தடவை காட்டி எடுக்கட்டும். ரெண்டு மாசத்துல ஒரு பெட்டியிலயாவது ஊசி குறைஞ்சதுன்னு புகார் வந்துச்சா?"

டீச்சர் யோசித்தார். "இல்ல. நான் பார்த்தப்போ மாசத்துக்கு ஏழெட்டு வரும்."

"அப்போ எந்த விரல் ஒழுங்காப் பார்த்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க."

டீச்சர் திரும்பி வந்த முப்பது பெட்டிகளைப் பார்த்தார். பிள்ளைகள் கிழித்த உறைகள், உதிரி ஊசிகள். காலைக்குள் அத்தனையும் போயாக வேண்டும். நாற்காலியை ஊசி மேசைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மன்னிப்பு அவர் கேட்கவுமில்லை, கொடுக்கவுமில்லை. "ஆளுக்குப் பத்து உறை," என்றார். "காகிதம் எங்க?"

ஊசியக்கா விலகல் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள். ஒரு துண்டை மடித்து, ஊசி இரண்டையும் காது வாய்ப்பக்கமாக வைத்து, கோந்து தடவி டிக் அண்ணனிடம் தள்ளினாள். "எண்ணுங்கண்ணே. மறைஞ்சு உட்கார வேணாம்."

வாச்சுக்காரர் அவருடைய வாச்சையும் கழற்றி வாங்கி, உறுமும் பெட்டிமேல் காட்டி எடுத்தார். டிக் அண்ணன் அதைக் காதில் வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார்.

இரண்டாவது உறையிலேயே டீச்சர் "ஸ்ஸ்" என்று கையை உதறினார். கட்டைவிரலில் ஒரு சிவப்புப் பொட்டு. மச்சானுக்குச் சிரிப்பு வந்தது. அத்தான் முறைத்ததில் அது தொண்டையிலேயே நின்றது. டீச்சர் விரலை வாயில் வைத்து எடுத்தார்.

"விரலுக்கு மாட்டுற உறை எங்க கிடைக்கும்?"

"ரெண்டு தடவை சொல்லியிருக்கேன் டீச்சர்," என்றாள் ஊசியக்கா, நிமிராமல் அடுத்த காகிதத்தை மடித்தபடி. "குத்தினப்புறம்தான் காது கேக்குது."